டப்பா மீனில் எளிய மீன் வடை

மழைக்காலத்தில் ஒரு குடும்பம் என்ன உண்கிறது என்பது, மழை தொடங்குவதற்கு முன் அந்த வீட்டில் என்ன சேமித்து வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. அரிசியும் பருப்பும் உப்பும் மிளகாயும் சேமிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஆனால், உடலை வளர்க்கும் புரதச் சத்து மிகுந்த உணவைச் சேமித்து வைக்கும் வழக்கம் அந்த அளவிற்கு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, மரங்களும் மின் கம்பங்களும் சாய்ந்து, பல கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. இத்தகைய நாட்களில் சந்தை கூடுவதில்லை; மீன் வண்டி வருவதில்லை; குளிர்பதனப் பெட்டியும் பயன்படுவதில்லை. வெறுஞ்சோறும் ஊறுகாயுமே பெரும்பாலோர்க்கு உணவாகின்றன. இதனால் முதலில் நலிவோர் குழந்தைகளும் கருவுற்ற தாய்மார்களுமே ஆவர்.

இக்குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. டப்பாவில் அடைத்த மீனும், வீட்டில் எப்போதும் இருக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அவலும் கொண்டு செய்யும் மீன் வடையே அது. நகரத்தார் இதனைக் கட்லெட் என்பர். இலங்கையில் தமிழரும் சிங்களவரும் 'டின் மீன்' கொண்டு செய்யும் கட்லட், வீட்டு விருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், டப்பாவில் அடைத்த சாமன் மீனை ரொட்டித் தூளோடும் முட்டையோடும் பிசைந்து தட்டிப் பொரிப்பது சிக்கனக் குடும்பங்களின் பழக்கமாகும். ஒரு டப்பா மீனைப் பலருக்குப் போதுமாறு பெருக்குவதே இரு நாட்டுச் சமையலின் நோக்கம். நமக்கும் அதுவே நோக்கமாக இருத்தல் வேண்டும்.

எனினும், செய்முறையை அறிவதற்கு முன் டப்பாவை அறிதல் வேண்டும். நல்ல டப்பா எது, கெட்ட டப்பா எது என்று தெரியாதவர் கையில் டப்பா மீன் உணவாகாது, ஆபத்தாகவும் முடியும். ஆகவே இப்பாடத்தின் பாதி டப்பாவைப் பற்றியதாகவும், மறுபாதி வடையைப் பற்றியதாகவும் அமைகிறது.

டப்பா மீன் கெடாதிருப்பது எவ்வாறு?

மகளிர் குழுக்களின் செயல் விளக்கங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஆறு மாதத்து மீனைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? கெடாமல் இருக்க அதில் என்ன மருந்து போட்டிருக்கிறார்கள்?" என்று மூதாட்டியர் கேட்பர். இது நியாயமான கேள்வியே. டப்பா மீனைக் காப்பது மருந்து அன்று; வெப்பமும் காற்றுப் புகாத மூடியுமே அதனைக் காக்கின்றன.

மீனைச் சுத்தம் செய்து, தலையும் குடலும் நீக்கி, உப்பு நீரோ எண்ணெயோ தக்காளிச் சாறோ சேர்த்து டப்பாவில் இட்டு, காற்றுப் புகாதவாறு மூடுகிறார்கள். பிறகு நீராவி அழுத்தத்தில் ஏறத்தாழ 116 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் செய்யும் வேலையையே ஆலையில் பெரிய அளவில், நேரமும் சூடும் தவறாமல் கணக்கிட்டுச் செய்கின்றனர். கெடுக்கும் நுண்ணுயிர்கள் உள்ளே மடிகின்றன. வெளியிலிருந்து புதியவை புக வழியில்லை. ஆகவே மூடி பழுதுபடாத வரையில் மீன் கெடுவதில்லை.

இம்முறையைக் கண்டவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சு மிட்டாய்த் தொழிலாளர். கண்ணாடிச் சீசாக்களில் உணவை அடைத்துக் கொதிநீரில் சூடேற்றிய அவருக்கு, 1810-ல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்கு பரிசு வழங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவுக்கும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். உணவு கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்கியது இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே ஆகும். காரணம் அறியப்படும் முன்பே கைப்பழக்கத்தால் கண்ட முறை இது.

டப்பா மீன் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

நாள்தோறும் டப்பா மீன் வாங்கும்படி நாம் கூற வரவில்லை. பச்சை மீன் கிடைக்கும் நாளில் பச்சை மீனே நல்லது, செலவும் குறைவு. டப்பாவின் மீது இருவகை எடை அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று, சாறும் மீனும் சேர்ந்த நிகர எடை. மற்றொன்று, சாறு வடிந்தபின் நிற்கும் மீனின் எடை. நாம் விலை கணக்கிட வேண்டியது இரண்டாவது எடையைக் கொண்டேயாகும். கணக்கிற்காக ஒரு டப்பாவின் விலை 280 ரூபாய் என்றும், வடித்த மீன் 280 கிராம் என்றும் கொள்வோம். அப்போது 100 கிராம் மீன் 100 ரூபாய் ஆகிறது. பச்சை மத்தி கிலோ 200 ரூபாய் என்றும், தலை, குடல் நீக்கியபின் 600 கிராம் தேறுகிறது என்றும் கொண்டால், 100 கிராம் 33 ரூபாய் அளவில் முடிகிறது. அவரவர் ஊர் விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

ஆனால் பச்சை மீன் கிடைக்காத நாட்களும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் உள்நாட்டுச் சந்தைகளில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. அதன் பின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயலும் வெள்ளமும் வழியை அடைக்கின்றன. இவ்விரு காலங்களை எண்ணி, ஐந்து பேர் கொண்ட குடும்பம் இரண்டு டப்பாக்களை இருப்பில் வைத்தால் போதும். கருவாடும் நம் முன்னோர் கண்ட நல்ல சேமிப்பே. ஆயினும் அதில் உப்பு மிகுதி, மழை ஈரத்தில் பூஞ்சை பற்றும், குழந்தைகளுக்கு ஏற்காது. ஆதலால் கருவாட்டிற்குத் துணையாக டப்பா மீனைக் கொள்வது தகும்.

டப்பாவைச் சோதித்தல்

வாங்கும்போது ஒரு முறையும், திறக்கும் முன் ஒரு முறையும், திறந்தபின் ஒரு முறையும் டப்பாவைச் சோதிக்க வேண்டும். சோதனைகள் வருமாறு:

1. உப்பல். டப்பாவின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் தட்டையாகவோ சிறிது உட்குழிந்தோ இருத்தல் வேண்டும். வெளியே உப்பியிருந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் வளர்ந்து வாயு உண்டாகியிருக்கலாம். விரலால் அழுத்தினால் 'டக்' என்று உள்ளே சென்று மீண்டும் வெளியே வரும் டப்பாவும் ஆகாது. இத்தகைய டப்பாவைத் திறக்கவே கூடாது.

2. நசுங்கல். நடுப்பக்கத்தில் உள்ள சிறு குழியால் பெருந்தீங்கு இல்லை. மூடியின் விளிம்பிலோ, பக்கத்து இணைப்பிலோ நசுங்கியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும். அதனை வாங்கலாகாது.

3. துரு. துணியால் துடைத்தால் போகும் மேல்துரு பொறுக்கத்தக்கது. தகட்டை அரித்துக் குழி விழச் செய்த துரு பொறுக்கத்தக்கதன்று.

4. கசிவு. டப்பாவின் மேல் ஒட்டும் பிசுபிசுப்போ, காய்ந்த சாற்றின் தடமோ இருந்தால் விலக்க வேண்டும்.

5. அச்சு. மீனின் பெயர், தயாரித்த நாள், காலாவதி நாள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவை டப்பாவின் மேல் இருத்தல் வேண்டும். விலை குறைவு என்பதற்காக நாள் கடந்த டப்பாவை வாங்குதல் சிக்கனம் ஆகாது.

6. திறக்கும்போது. சாறு பீறிட்டு வந்தாலும், நுரைத்தாலும், துர்நாற்றம் வீசினாலும் அம்மீனைத் தொடர்ந்து கையாளாமல் நீக்கிவிட வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறுதல் நம் கடமையாகும். ஐயத்திற்குரிய டப்பாவை 'நாவில் வைத்துப் பார்ப்போம்' என்று சோதித்தல் கூடவே கூடாது. 'கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம்' என்னும் நுண்ணுயிர் காற்றில்லாத இடத்தில் வளர்ந்து, மிகக் கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு உள்ள உணவில் சில வேளைகளில் நாற்றமோ சுவை மாற்றமோ தென்படுவதில்லை. நஞ்சு சிறிதளவே உட்சென்றாலும் பார்வை மங்கி, நாக்குக் குழறி, விழுங்க இயலாது போய், மூச்சு நிற்கும் நிலை வரலாம். அவ்வறிகுறிகள் தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கெட்ட டப்பாவை நன்கு சுருட்டிக் கட்டி, நாயும் கோழியும் கிளற முடியாத ஆழத்தில் புதைத்துவிடுதல் நல்லது. நூறு, இருநூறு ரூபாய் நட்டமாகுமே என்று தயங்கலாகாது.

மற்றொன்றும் அறியத்தக்கது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகிய மீன்கள் டப்பாவில் அடைக்கப்படும் முன்பே வெயிலில் கிடந்து கெட்டிருந்தால், அவற்றில் 'ஹிஸ்டமின்' என்னும் பொருள் உண்டாகிறது. அது சமையல் வெப்பத்தால் அழிவதில்லை. உண்ணும்போது நாவில் மிளகுபோல் சுருக்கென்று எரிவதும், உண்டபின் முகம் சிவந்து தடிப்பதும், தலை வலிப்பதும் இதன் அறிகுறிகள். மசாலா சேர்க்கும் முன்பே மீன் காரமாக எரிந்தால் அதனை ஒதுக்கிவிட வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

கீழ்க்கண்ட அளவில் ஏறத்தாழ 14 வடைகள் செய்யலாம்:

வடித்த டப்பா மீன் – 250 கிராம்
உருளைக்கிழங்கு – 250 கிராம்
சின்ன வெங்காயம் – 100 கிராம்
பச்சை மிளகாய் – 3
இஞ்சி – ஒரு சிறு துண்டு
கறிவேப்பிலை – 2 இணுக்கு
மிளகுத் தூள் – 1 தேக்கரண்டி
மஞ்சள் தூள் – கால் தேக்கரண்டி
எலுமிச்சம் பழம் – அரை மூடி
முட்டை – 1
ரஸ்க் தூள் அல்லது பொடித்த அவல் – 100 கிராம்
உப்பு – மிகக் குறைவாக
பொரிக்கக் கடலை எண்ணெய் – தேவையான அளவு

உருளைக்கிழங்கு இல்லாத வீட்டில் வேகவைத்த வாழைக்காயோ, மரவள்ளிக் கிழங்கோ அதே எடையில் சேர்க்கலாம். அவையும் இல்லையெனில் ஆறிய சோற்றை நன்கு மசித்துக் கொள்ளலாம். முட்டை இல்லையெனில் மூன்று மேசைக்கரண்டி மைதாவையோ அரிசி மாவையோ 100 மில்லி லிட்டர் நீரில் கரைத்துக் கொண்டால், அது முட்டையின் வேலையைச் செய்யும். எந்தப் பொருள் இல்லாவிடினும் வடை செய்ய இயலும் என்பதே இம்முறையின் சிறப்பு. புயல் நாளில் கடை தேடிப் போக முடியாதன்றோ!

செய்முறை

முதலில் டப்பாவின் மேற்புறத்தைச் சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். திறக்கும்போது மூடியிலுள்ள தூசு உள்ளே விழாமல் இருக்க இது அவசியம். திறந்தவுடன் மீனைச் சல்லடையில் இட்டு, பத்து நிமிடம் வடியவிட்டு, கையால் மெதுவாக அழுத்திச் சாற்றை நீக்க வேண்டும். தக்காளிச் சாறாயின் குழம்பில் சேர்க்கலாம். எண்ணெயாயின் வெங்காயம் வதக்க உதவும். பிறகு மீனை உதிர்க்க வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் எலும்பு டப்பா வெப்பத்தில் மெத்தென்று வெந்திருக்கும். அதனை எறியாமல் விரலால் நசுக்கி மீனோடு சேர்த்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்து அதில்தான் உள்ளது. நசுங்காத கெட்டி முள் ஏதேனும் இருப்பின் நீக்கிவிடலாம்.

உருளைக்கிழங்கைத் தோலுடன் வேகவைக்க வேண்டும். தோலை நீக்கி வேகவைத்தால் கிழங்கு நீரை உறிஞ்சிக் குழைந்துவிடும். வெந்ததும் நீரை வடித்து, சூடாக இருக்கும்போதே தோலுரித்துக் கட்டியில்லாமல் மசித்து, பரப்பி ஆறவிட வேண்டும்.

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்க வேண்டும். வெங்காயம் பொன்னிறம் ஆனதும் மஞ்சளும் மிளகும் இட்டு, உதிர்த்த மீனைச் சேர்த்து, ஈரம் வற்றும் வரை ஐந்து நிமிடம் கிளற வேண்டும். இறக்கி ஆறவிட்டு, மசித்த கிழங்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைய வேண்டும். டப்பா மீனில் முன்பே உப்பு இருப்பதால், பிசைந்த பின் சிறிது எடுத்துச் சுவைத்துப் பார்த்து, குறைந்தால் மட்டுமே உப்புச் சேர்க்க வேண்டும். மீனும் கிழங்கும் வெந்தவையாதலால், நல்ல டப்பாவைப் பயன்படுத்திய இடத்தில் இவ்வாறு சுவைப்பதில் தீங்கில்லை.

இக்கலவையை எலுமிச்சம் பழத்தினும் சற்றுப் பெரிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் 40 கிராம் அளவில் உருட்டி, முக்கால் அங்குலக் கனத்தில் தட்ட வேண்டும். ஓரங்களில் வெடிப்பு இருந்தால் ஈரக் கையால் தடவி மூட வேண்டும். பின்னர் அடித்த முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளிலோ அவல் பொடியிலோ புரட்டி, தட்டில் அடுக்கிக் கால்மணி நேரம் வைக்க வேண்டும்.

எண்ணெய் போதிய அளவு காய்ந்ததா என்பதை அறிய, சிறிது ரஸ்க் தூளை இட்டுப் பார்க்கலாம். அது உடனே மேலெழும்பிச் சிறு குமிழிகளுடன் பொரிந்தால் சூடு சரி. அடியில் தங்கினால் சூடு போதாது. இட்டவுடன் கருகினால் சூடு மிகுதி. வெப்பமானி உள்ள குழுவினர் 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை வைத்துக் கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு வடைகளுக்கு மேல் இடாமல், இருபுறமும் சிவக்கும்படி மூன்று நிமிடம் பொரித்து, ஜல்லிக்கரண்டியால் எடுத்து வடியவிட வேண்டும்.

எண்ணெய் குறைவாக உள்ள வீட்டில் தோசைக்கல்லே போதும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஒவ்வொரு புறத்தையும் நான்கு நிமிடம் சிவக்க விட்டால், வடை முறுகலாகவே அமையும். எரிபொருளும் எண்ணெயும் தட்டுப்படும் நாட்களில் இம்முறையே ஏற்றது.

வடை உடைவது ஏன்?

செயல் விளக்கங்களில் புதிதாகச் செய்வோர் படும் தொல்லை, எண்ணெயில் இட்டதும் வடை பிரிந்து போவதே. இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, ஈரம். மீனிலோ கிழங்கிலோ நீர் மிகுந்திருந்தால், அது சூட்டில் ஆவியாகி வெளியேற வழி தேடி, மேலுறையைக் கிழித்துவிடும். இரண்டாவது, வெடிப்பு. மேலுறை படியாத இடத்தின் வழியே எண்ணெய் உட்புகுந்து கலவையைக் கரைக்கும். மூன்றாவது, சூடு போதாமை. சூடான எண்ணெயில் முட்டையும் மாவும் உடனே இறுகி ஓடுபோல் ஆகும். சூடு குறைந்த எண்ணெயில் அவை இறுகுமுன் வடை எண்ணெயைக் குடித்துவிடும். நான்காவது, அவசரம். அடிப்புறம் சிவக்கும் முன் கரண்டியால் புரட்டினால் உடையும். கலவை தளர்வாக இருப்பின் ஒரு கைப்பிடி அவல் பொடியைச் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் அது ஈரத்தை இழுத்துக் கொள்ளும்.

எண்ணெயும் மிச்ச உணவும்

பொரித்த எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, மூடி வைத்து, இரண்டொரு நாளில் குழம்புக்கோ தாளிப்புக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். கருத்தும் நுரைத்தும் விரைவில் புகைந்தும் காணும் எண்ணெயை மீண்டும் அடுப்பில் ஏற்றலாகாது. வடை செய்து விற்கும் குழுவினர்க்கு இது சட்டமும் ஆகும். பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைக் கடந்தால் அதனை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. விற்பனை செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதும் கட்டாயமாகும்.

டப்பா மூடியிருக்கும் வரையில்தான் மீன் கெடாது. திறந்த மறுகணமே அது பச்சை மீனைப் போன்று கெடும் பொருளாகிவிடுகிறது. ஆகவே மீதியை டப்பாவிலேயே விட்டு வைக்காமல் எவர்சில்வர்ப் பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். குளிர்பதனப் பெட்டி இருந்தால் இரண்டு நாட்களுக்குள் பயன்படுத்தலாம். இல்லையெனில் அன்றைய வேளைக்கே முடித்துவிட வேண்டும். பிசைந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தல் ஆகாது. இரவில் பொரித்த வடையை மறுநாள் பள்ளிப் பிள்ளையின் சோற்றுப் பாத்திரத்தில் வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

யாருக்கு எவ்வளவு?

டப்பா மீனில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவிலும் அதற்கு மேலும் புரதம் உண்டு. ஆகவே 250 கிராம் மீனில் 50 கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கிறது. அதனை 14 வடைகளாகப் பகிர்ந்தால், இரண்டு வடைகள் உண்பவருக்கு மீனிலிருந்து மட்டும் 7 கிராம் அளவில் புரதம் சேரும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். அதில் ஏழில் ஒரு பங்கு இரண்டு வடைகளில் கிடைத்துவிடுகிறது. எலும்போடு சேர்ந்த மத்தி, கானாங்கெளுத்தி டப்பாக்களில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. எலும்பு நீக்கி அடைத்த சூரையில் அது அவ்வளவு இல்லை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர்கள். மீனிலுள்ள இரும்புச் சத்து, அளவில் பெரிதன்றெனினும் உடலில் எளிதில் சேர்வது. எலுமிச்சைச் சாறு, கூட உண்ணும் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர உதவும். ஆனால் ஒன்று: வடையை ஆண்களும் பிள்ளைகளும் உண்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சிய தூளைத் தாய் உண்ணும் வழக்கம் இருக்கும் வரை இக்கணக்கு ஏட்டளவிலேயே நிற்கும். வடைகளை எண்ணிப் பங்கிட்டு, தாயின் பங்கை முதலில் எடுத்து வைத்தல் வேண்டும்.

இரத்த அழுத்தம் உள்ளோர்க்குச் செய்யும்போது உப்பு நீர் மீனை ஒரு முறை நல்ல நீரில் அலசிக் கொள்ளலாம். மீன் ஒவ்வாதவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் இதனைத் தவிர்க்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மிளகாய் சேர்க்காமல் தோசைக்கல்லில் செய்து, உதிர்த்துக் கொடுத்தல் நல்லது.

வெள்ளத்தில் நனைந்த டப்பாக்கள்

வெள்ளம் வடிந்தபின் வீட்டில் கிடக்கும் டப்பாக்களைப் பற்றி ஐயம் எழும். உப்பலும் நசுங்கலும் கசிவும் இல்லாத தகர டப்பாவைக் காப்பாற்ற இயலும். முதலில் மீனின் பெயரையும் காலாவதி நாளையும் குறித்துக்கொண்டு, காகிதச் சுற்றை நீக்க வேண்டும். அதன் மடிப்பில் சேறும் கிருமியும் தங்கும். டப்பாவைச் சோப்பு நீரில் நன்கு தேய்த்துக் கழுவி, சுகாதார ஆய்வாளர் கூறும் அளவில் கரைத்த குளோரின் நீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி, எடுத்து உலர்த்தி, பெயரையும் நாளையும் மீண்டும் எழுதி, விரைவில் பயன்படுத்திவிட வேண்டும். திருகு மூடியுள்ள சீசாக்களும், காகித, நெகிழிப் பைகளில் இருந்த உணவும் வெள்ள நீரில் நனைந்திருந்தால் அவற்றைக் காப்பாற்ற முயலலாகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

புயல் நிவாரணக் காலத்தில் பல ஊர்களிலிருந்து உணவுப் பொருள்கள் குவிகின்றன. அவற்றுள் டப்பாக்களும் வருவதுண்டு. அனுப்புவோர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகின்றனர். ஆனால் லாரியில் அடிபட்டு நசுங்கியவையும், நாள் கடந்தவையும் அவற்றில் கலந்திருக்கும். பசியோடு நிற்போர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது முறையன்று. பார்க்க வேண்டியவர்கள் பங்கிடுவோரே. எனவே ஒவ்வோர் ஊராட்சியிலும், டப்பாக்களைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த இருவரேனும் இருத்தல் வேண்டும். மேலே கூறிய ஆறு சோதனைகளையும் ஒரு தாளில் எழுதி, புயல் பாதுகாப்பு மையத்தின் சமையற்கூடச் சுவரில் ஒட்டிவைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அடுத்து, மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் மாதத்திற்குள், மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு ஊருக்கு ஒரு செயல் விளக்கம் நடத்தலாம். அதற்கு ஒரு டப்பா மீன், ஓர் அடுப்பு, ஒரு தோசைக்கல் இருந்தால் போதும். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் இதனை நினைவூட்டலாம். வீட்டில் வாங்கிவைக்கும் டப்பாக்களின் மேல் வாங்கிய மாதத்தை எழுதி, தரையில் வைக்காமல், அடுப்பின் அருகிலும் வைக்காமல், வெள்ளம் எட்டாத உலர்ந்த பரணில் வைக்கச் சொல்ல வேண்டும். முன் வாங்கியதை முன் எடுத்துப் பயன்படுத்தி, அதன் இடத்தில் புதியதை வைத்து வந்தால், இருப்பு ஒருபோதும் பழையதாகாது.

அடுப்பு எரிக்கவும் வழியில்லாத வேளையில், நல்ல டப்பா மீன் முன்பே வெந்ததாதலால், அதனைத் திறந்து சோற்றோடு பிசைந்து அப்படியே உண்ணலாம் என்பதையும் மக்கள் அறிந்திருத்தல் நலம். வசதி வாய்க்கும்போது அதுவே வடையாகி, சோர்ந்திருக்கும் பிள்ளைகளை விரும்பி உண்ணச் செய்யும்.

வயலில் விதை நெல்லைக் காப்பது போன்றே வீட்டில் ஆபத்துக்கால உணவையும் காத்தல் வேண்டும். விதை நெல்லை மூட்டையோடு அள்ளி விதைக்கும் விவசாயி எவரும் இல்லை. கையில் எடுத்துப் பார்த்து, பதர் நீக்கியே விதைக்கிறார். அதே கண்ணோடு டப்பாவையும் புரட்டிப் பார்த்து, நல்லதை வைத்து, கெட்டதைப் புதைத்து, உள்ளதைப் பலருக்கும் பங்கிட்டு உண்ணும் பழக்கம் நம் ஊர்களில் பரவுமாயின், அடுத்த மழைக்காலத்தில் வெறுஞ்சோறு உண்ணும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும். ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இம்முயற்சியை மழைக்கு முன்பே தொடங்குவார்களென நம்புகிறோம்.